4.77 மெகாஹெர்ட்ஸில் ஒரு சர்க்கஸ்

மைக்ரோப்ராசஸர் லேபில் 8085 கிட் முன்னால் உட்கார்ந்து டிலே ப்ரோக்ராம் எழுதாத டிப்ளமோ மாணவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. எல்.ஈ.டி. ஒரு செகண்ட் எரிய வேண்டும், ஒரு செகண்ட் அணைய வேண்டும். ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனுக்கும் எத்தனை டி-ஸ்டேட் என்று மேனுவலைப் பார்த்துக் கூட்டி, லூப் கவுன்ட்டைக் கண்டுபிடித்து, ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதோடு அதை மறந்துவிடுகிறோம். "இந்த டி-ஸ்டேட் எல்லாம் வெளியில எங்கேப்பா உபயோகப்படும்?" என்று கேட்காத ஆளும் கிடையாது.

உபயோகப்படுத்திய ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சம்பளம் கிடையாது, கம்பெனி கிடையாது. பொழுதுபோக்காகச் சேர்ந்தவர்கள், ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் யாரும் முடியாது என்று நினைத்த விஷயங்களைச் செய்து காட்டினார்கள். அவர்கள் பட்ட பாடுதான் நமக்குப் பாடம்.

முதலில் டெமோ என்றால் என்ன? கடையில் மிக்ஸி ஓட்டிக் காட்டுவார்களே, அது இல்லீங்க. இசையும் நகரும் படமுமாக சில நிமிடம் தானாக ஓடி முடியும் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் அது. வீடியோ ஃபைல் அல்ல. ஒவ்வொரு படமும் அந்த நேரத்தில் கணக்குப் போட்டு வரையப்படுவது. 1980-களில் கம்மோடோர் 64, அமிகா கம்ப்யூட்டர்களில் விளையாட்டுகளின் பூட்டை உடைத்து நகல் எடுத்த பையன்கள், முன்னால் தங்கள் பெயரை ஒரு சின்ன அலங்காரத்தோடு ஓடவிட்டார்கள். பிறகு அந்த அலங்காரமே தனிக் கலையானது. பின்லாந்து 2020-லும் ஜெர்மனி 2021-லும் இதைத் தங்கள் நாட்டுப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டன. பூட்டு உடைத்தவர்களுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

2015 ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறையில், ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் நகரில் ரிவிஷன் என்ற டெமோ விழா நடந்தது. அதில் பழைய கம்ப்யூட்டர்களுக்கான போட்டியில் முதல் பரிசு வாங்கியது '8088 எம்.பி.எச்.' என்ற டெமோ. ஹார்னெட், சி.ஆர்.டி.சி., டிசையர் என்று மூன்று குழுக்களின் ஆட்கள் சேர்ந்து செய்தது. இந்த உலகத்தில் எல்லோருக்கும் புனைபெயர்தான்: ட்ரிக்ஸ்டர், ரீனைன், ஸ்காலி, வைலர், இசைக்கு கோடா. (நம்ம ஹாஸ்டலிலும் பாதிப் பேருக்கு நிஜப் பெயர் தெரியாதே, அது மாதிரி.)

அவர்கள் எடுத்துக்கொண்ட மெஷினைப் பாருங்கள். இன்டெல் 8088, 4.77 மெகாஹெர்ட்ஸ். நம்ம லேப் கிட் 3 மெகாஹெர்ட்ஸ் சொச்சத்தில் ஓடுகிறது. ரொம்ப தூரம் இல்லை. உள்ளே திறந்தால் எல்லாம் நம்ம பழைய சினேகிதர்கள்: 8253 டைமர், 8255 போர்ட், 8259 இன்டரப்ட், 8237 டி.எம்.ஏ. திரைக்கு சி.ஜி.ஏ. கார்டு, அதில் 16 கிலோபைட் மெமரி, 6845 என்ற சிப். சவுண்ட் கார்டு கிடையாது. 'பீப்' என்று கத்தும் ஸ்பீக்கர் மட்டும்.

இங்கே ஒரு க்ரிஸ்டல்தான் எல்லாவற்றுக்கும் தாய். 14.318 மெகாஹெர்ட்ஸ். அதை 3-ஆல் வகுத்தால் 8088-ன் க்ளாக், 12-ஆல் வகுத்தால் 8253-க்குப் போகும் 1.193 மெகாஹெர்ட்ஸ், 4-ஆல் வகுத்தால் 3.58 மெகாஹெர்ட்ஸ். இந்தக் கடைசி எண் அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. டி.வி.யின் கலர் சிக்னல். மூன்றும் ஒரே தாளத்துக்கு ஆடுகின்றன என்பதை மனதில் வையுங்கள். டெமோவின் வித்தை முழுக்க இதற்குள்தான் இருக்கிறது.

சி.ஜி.ஏ. திரையில் ஒரு கிடைக்கோடு வரைய 304 சி.பி.யூ. க்ளாக் ஆகிறது. டெமோவில் வண்ணப் பட்டைகள் பாம்பு போல நெளிந்து இறங்கும் ஒரு காட்சி உண்டு. திரையில் ஒளிக்கதிர் கோடு கோடாக இறங்க இறங்க, அதற்குச் சரியாக ஈடுகொடுத்து ப்ரோக்ராமும் ஓட வேண்டும். கோட்டுக்கு 4 க்ளாக் தப்பினால் போதும், 200 கோடு முடிவதற்குள் 800 க்ளாக் தப்பிவிடும். அதாவது இரண்டரைக் கோட்டுக்கு மேல். படம் கிழிந்துவிடும்.

"சரி, டி-ஸ்டேட்டைக் கூட்டினால் தீர்ந்ததே?" என்பீர்கள். 8085 கிட்டில் தீரும். 8088-ல் தீராது. மேனுவலில் எஸ்.எச்.எல். ஏ.எக்ஸ்.,1 என்ற இன்ஸ்ட்ரக்ஷனுக்கு 2 க்ளாக் என்று போட்டிருக்கும். ஆனால் அது 2 பைட் நீளம். 8088-ன் டேட்டா பஸ் 8 பிட். ஒரு பைட் கொண்டுவர 4 க்ளாக். ஆக, அந்த இன்ஸ்ட்ரக்ஷன் வந்து சேரவே 8 க்ளாக். முன்கூட்டியே எடுத்துவைக்க 4 பைட் கியூ ஒன்று உள்ளே இருக்கிறது. அது நிரம்பியிருந்தால் ஒரு கணக்கு, காலியாக இருந்தால் வேறு கணக்கு. சமையல் 2 நிமிடம், காய்கறி வாங்கிவர 8 நிமிடம் என்றால், சாப்பாட்டு நேரத்தை எதை வைத்துச் சொல்வது? போதாததற்கு, வீடியோ மெமரியைத் தொட்டால் சி.ஜி.ஏ. கார்டு "இருப்பா, நான் படம் காட்டிட்டு இருக்கேன்" என்று சி.பி.யூ.வை நிறுத்தி வைக்கும்.

இதற்கெல்லாம் மேலே ரேம் ரிஃப்ரெஷ். டைனமிக் ரேமில் பிட் என்பது கெப்பாசிட்டரில் இருக்கும் சார்ஜ்; கசியும். அதனால் ஐ.பி.எம். பி.சி.யில் 8253-ன் சேனல் 1, தன்னுடைய 18 துடிப்புக்கு ஒரு தரம் 8237-ஐ எழுப்பி மெமரியைப் படிக்கவைக்கிறது. அந்த நேரம் பஸ் சி.பி.யூ.வுக்குக் கிடையாது. ஒரு திரைக்கோடு 76 டைமர் துடிப்பு. 76-ஐ 18-ஆல் வகுத்தால் மீதி வருகிறது. அதனால் ரிஃப்ரெஷ் ஒவ்வொரு கோட்டிலும் வேறு வேறு இடத்தில் குறுக்கே விழுகிறது. எப்படி எழுதினாலும் கோட்டுக்குக் கோடு நேரம் மாறும்.

அவர்கள் செய்தது என்ன தெரியுமா? 18-ஐ 19 ஆக்கினார்கள். அவ்வளவுதான். 76-ஐ 19-ஆல் வகுத்தால் சரியாக 4. ஒவ்வொரு கோட்டிலும் நாலே ரிஃப்ரெஷ், அதே நாலு இடத்தில். சி.பி.யூ.வும் திரையும் ரேமும் கைகோத்துக்கொண்டன. இதில் ஒரு துணிச்சலும் உண்டு. அந்தக் கால ரேம் சிப்பின் 128 வரிசைகளையும் 2 மில்லிசெகண்டுக்குள் ரிஃப்ரெஷ் செய்ய வேண்டும் என்பது விதி. 18 என்றால் 1.93, 19 என்றால் 2.04. விதியை மயிரிழையில் தாண்டுகிறார்கள். சிப் தயாரித்தவர்கள் கொஞ்சம் தாராளமாகவே கணக்குப் போட்டிருப்பார்கள் என்ற நம்பிக்கைதான். மெமரி மறக்கவில்லை.

இது தனி ஆள் வித்தை. பலர் சேர்ந்து செய்யும்போதுதான் நிஜமான தலைவலி. ஏனென்றால் டெமோவின் ஒவ்வொரு பகுதியையும் எழுதுகிறவர் முழு மெஷினும் தனக்கே சொந்தம் என்று எழுதுகிறார். இன்டரப்டை அணைப்பார், டைமரை மாற்றுவார், 6845-ன் ரிஜிஸ்டர்களைக் கலைப்பார். 19 என்று வைத்தவர் 18-க்குத் திருப்பி வைக்காமல் போனால், அடுத்த பகுதி எழுதியவரின் கணக்கெல்லாம் போச்சு. அவர் வீட்டில் தனியாக ஓட்டும்போது நன்றாக ஓடும்; சேர்த்து ஓட்டினால் தொங்கும். "என் மெஷின்ல ஓடுதே!" என்ற வசனம் நம்ம பிராஜக்ட் பேட்சுக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதீர்கள்.

இந்த ஒட்டுப்போடும் வேலைக்கு முன்னோடி ஒன்று உண்டு. பின்லாந்தின் ஃப்யூச்சர் க்ரூ குழு 1993-ல் அசெம்ப்ளி விழாவில் முதல் பரிசு வாங்கிய 'செகண்ட் ரியாலிட்டி'. 2013-ல் அதன் சோர்ஸ் கோடு வெளியிடப்பட்டது. பார்த்தால், இருபதுக்கும் மேற்பட்ட பகுதிகள், ஒவ்வொன்றும் தனித்தனி ப்ரோக்ராம். ஆளுக்கொரு பகுதி. நடுவில் மெமரியில் தங்கியிருக்கும் சின்ன ப்ரோக்ராம் ஒன்று மட்டும் பொது. இசை எங்கே போய்க்கொண்டிருக்கிறது, திரை எப்போது புதுப்பிக்கப்படுகிறது என்று கேட்டால் அது சொல்லும். வீட்டில் ஒருவர் தன் பகுதியைத் தனியாக ஓட்டிப் பார்க்கும்போதும் அதே ப்ரோக்ராம் பதில் சொல்லும். யாரும் அடுத்தவர் கோடுக்குள் கை வைக்கவில்லை. டீம் வொர்க் என்பது கட்டிப்பிடித்துக்கொள்வது அல்ல, வாசலைச் சரியாக வைப்பது என்று எனக்குப் புரிந்தது இதைப் படித்த பிறகுதான்.

8088 கூட்டத்துக்கு இன்னொரு தொல்லை: மெஷினே ஆளுக்கு ஆள் வேறு. ஐ.பி.எம். சி.ஜி.ஏ. கார்டில் பழைய வார்ப்பு, புது வார்ப்பு என்று இரண்டு உண்டு. டி.வி. சிக்னல் கொடுக்கும் சர்க்யூட் இரண்டிலும் வேறு. ஒன்றில் சிவப்பாகத் தெரிவது மற்றதில் அப்படியே தெரியாது. இது ஏன் முக்கியம்? இந்த டெமோவின் பெரிய அதிசயமே நிறம்தான். சி.ஜி.ஏ.வில் 4 நிறம் என்றுதான் புத்தகம் சொல்லும். இவர்கள் காட்டியது 1024.

ரகசியம் அந்த 3.58 மெகாஹெர்ட்ஸ். சி.ஜி.ஏ. புள்ளிகள் 14.318-ல் வருகின்றன. டி.வி.யின் ஒரு கலர் அலைக்குள் சரியாக 4 புள்ளி. அந்த நாலில் எது எரிகிறது, எது அணைகிறது என்பதை டி.வி. புள்ளியாகப் பார்ப்பதில்லை, நிறமாகப் பார்க்கிறது. இதுவரை பழைய வித்தை, 16 நிறம் கிடைக்கும். இவர்கள் 80 எழுத்து டெக்ஸ்ட் மோடுக்குப் போனார்கள். ஆங்கில 'யு' எழுத்தின் உச்சி வரியைப் பாருங்கள்: 11001100. நாலு புள்ளிக்கு ஒரு தரம் திரும்பி வரும் கோலம். 6845-ஐ ஏமாற்றி எழுத்தின் உச்சி இரண்டு கோட்டை மட்டும் காட்டவைத்தால், எழுத்து மறைந்து கோலம் மட்டும் நிற்கும். எழுத்துக்கு 16 நிறம், பின்னணிக்கு 16 நிறம்: 256 ஜோடி. இதே மாதிரி 4 எழுத்துகள்: 1024. திரை 80-க்கு 100 கட்டம், கட்டத்துக்கு 2 பைட், மொத்தம் 16,000 பைட். கார்டின் 16 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது! இதற்கும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. டெக்ஸ்ட் மோடில் டி.வி.க்கு நிறம் சொல்லும் சிக்னல் சரியாகப் போவதில்லை. திரையின் ஓரத்து நிறத்தைப் பழுப்பாக மாற்றினால் அது சரியாகிறது என்பதுதான் அதற்கு மருந்து. (நம்ம ஊர் பால் டி.வி.யில் கலர் அலை 4.43 மெகாஹெர்ட்ஸ். அதனால் இந்த ஜாலம் இங்கே பலித்திருக்காது.)

இப்படிப்பட்ட வேலையை எமுலேட்டரில் சோதிக்கவே முடியாது. நிஜ மெஷின் வேண்டும். ரீனைன் தன்னிடமிருந்த ஐ.பி.எம். எக்ஸ்.டி. ஒன்றை இன்டர்நெட்டோடு இணைத்துவைத்தார். எங்கிருந்தும் ப்ரோக்ராமை அனுப்பலாம். மெஷின் அதை ஓட்டி, திரையைப் படமெடுத்துத் திருப்பி அனுப்பும். எனக்கு டெமோவைவிட இந்த ஏற்பாடுதான் அதிகம் பிடித்தது.

கடைசிக் காட்சியில் அமிகா பாணியில் 4 குரல் இசை, அதுவும் அந்த பீப் ஸ்பீக்கரில். ஸ்பீக்கருக்கு ஆன், ஆஃப் தவிர வேறு தெரியாது. 8253-ன் சேனல் 2-ஐ வைத்து ஆன் இருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்தால் ஒலியின் உயரம் கிடைக்கும், நம்ம பி.டபிள்யூ.எம். மோட்டார் கன்ட்ரோல்தான். ஒரு சாம்பிளுக்கு 288 க்ளாக். அதற்குள் நாலு குரலையும் எடுத்து, கூட்டி, டைமரில் போட வேண்டும். விநாடிக்கு சுமார் 16,500 தரம். 16 பிட் பெருக்கல் இன்ஸ்ட்ரக்ஷன் ஒன்று போட்டாலே 100 க்ளாக்குக்கு மேல் போய்விடும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பரிசு வாங்கியது சரி, ஊரில் இருந்தவர்கள் எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றிலும் முழுசாக ஓடவில்லை. நிறம் தப்பியது, படம் கிழிந்தது, சில தொங்கியே போயின. விழாவுக்குப் பிறகு அவர்கள் திருத்திய இறுதிப் பதிப்பையும் வெளியிட்டார்கள். டெமோ உலகத்தில் இது வழக்கம். விழாப் பதிப்பு மாப்பிள்ளை அழைப்புக்கு அவசரமாகப் போட்ட பந்தல். இறுதிப் பதிப்புதான் வீடு.

2022-ல் கொலோன் நகரின் எவோக் விழாவில் அந்தக் கூட்டத்தில் சிலர் வேறு சிலரோடு சேர்ந்து 'ஏரியா 5150' கொண்டுவந்து மறுபடி முதல் பரிசு வாங்கினார்கள். இது இன்னும் கறார். ஐ.பி.எம். கார்டாக இருந்தால் மட்டும் போதாது, அதில் 6845 மோட்டரோலா சிப்பாகவும் இருக்க வேண்டும். ஐ.பி.எம். சில கார்டுகளில் ஹிட்டாச்சியின் சிப்பைப் போட்டிருந்தது. அதில் சில காட்சிகள் சரியாக வராது. அந்த மெஷின்களோ நாற்பது வயது தாண்டியவை. கெப்பாசிட்டர் வெடிக்கிறது, டிஸ்க் டிரைவ் சாகிறது. கடைசி நல்ல கார்டு போனால் டெமோவும் போச்சு என்ற நிலை.

2023-ல் மார்ட்டி பி.சி. என்ற எமுலேட்டர் அதை முழுசாக ஓட்டிக் காட்டியது. அதை எழுதியவரும் பொழுதுபோக்காளர்தான். அவர் மேனுவலை நம்பவில்லை. நிஜ 8088 சிப் ஒன்றை ஆர்டுயினோ மெகா போர்டில் மாட்டி, க்ளாக்கை ஒவ்வொரு துடிப்பாகக் கொடுத்து, ஒவ்வொரு துடிப்பிலும் பின்களில் என்ன வருகிறது என்று எழுதி வைத்து, தன் எமுலேட்டர் சொல்வதோடு ஒப்பிட்டார். எங்கே ஒரு டி-ஸ்டேட் தப்பினாலும் அங்கே நின்று திருத்தினார். அந்தச் சோதனைப் பட்டியலையும் ஒளித்து வைக்காமல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்.