அஞ்சும் நெஞ்சுக்குத் தியானம்

வேலைக்குப் போன கணவர் இருட்டியும் வீடு திரும்பவில்லை. சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் உங்கள் நெஞ்சு திக்கென்கிறது. அவர் வந்து, சாப்பிட்டுப் படுத்த பிறகும் உங்களுக்குத் தூக்கம் வருவதில்லை. தோட்டம் கைமாறினால் இந்த வீடு நமக்கு இருக்குமா, மகளின் படிப்புக்கு என்ன வழி என்று கவலைகள் வரிசை பிடித்து நிற்கின்றன. காலையில் பெரட்டுக்குப் போகும்போது உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது.

இது கோழைத்தனம் அன்று, அன்பர்களே. காத்து கருப்பும் அன்று. ஆபத்து என்று மனம் எண்ணியதும் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடுகிறது. பால்மரக் காட்டில் பாம்பைக் கண்டால் விலகி ஓட உதவுவதும் இதே சுரப்புதான். பாயில் படுத்திருப்பவர் எங்கே ஓடுவது?

மனத்தை "பயப்படாதே" என்று அதட்டினால் அது கேட்பதில்லை. மூச்சு கேட்கும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிவது உடம்பின் இயற்கை. தியானத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

தியானம் என்றதும் மலைக்குகையையும் புலித்தோலையும் நினைக்க வேண்டாம். பாய் போதும், முட்டிவலி உள்ளவர்களுக்கு நாற்காலி. சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். விடும் மூச்சை ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணி, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மூன்றாவது எண்ணுக்குள் சீட்டுப் பணத்துக்கோ மாமியார் சொன்ன சொல்லுக்கோ மனம் ஓடிவிடும். ஓடட்டும். "இது கவலை" என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். நூறு முறை ஓடினால் நூறு முறை திரும்புவதுதான் பயிற்சி. எண்ணமே இல்லாமல் இருப்பதுதான் தியானம் என்று நினைத்து இரண்டே நாளில் கைவிட்டவர்கள் எத்தனையோ பேர்!

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக (நம் பினாங்கு அல்ல, அமெரிக்கா) ஆய்வாளர்கள், பதற்றநோய் உள்ள 276 பெரியவர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு எஸ்சிட்டலோப்ராம் மாத்திரை. மற்றதற்கு 8 வாரத் தியானப் பயிற்சி. 2022இல் வெளியான முடிவின்படி, இரு பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் கிடைத்தது. ஆனால் அவர்கள் வாராந்திர வகுப்போடு வீட்டிலும் தினமும் 45 நிமிடம் பழகினார்கள். உங்கள் 10 நிமிடம் அத்தனை பலனைத் தரும் என்று சொல்லமாட்டேன். தொடங்குவதற்கு அது போதும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் நெஞ்சு படபடக்கும்; நெஞ்சுவலியோ மயக்கமோ இருந்தால் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முன்பு பெரிய விபத்தையோ அடிஉதையையோ அனுபவித்தவர்கள் சிலருக்குக் கண்ணை மூடினால் பயம் கூடும். அவர்கள் கண்ணைத் திறந்தே உட்காரலாம்; வாசலில் மெதுவாக நடந்தபடி காலடியை எண்ணலாம். மந்திரம் தருகிறேன் என்று நூறு இருநூறு வெள்ளி கேட்டு வருபவரிடம் மட்டும் போகாதீர்கள்.

பயம் வந்த பிறகு பழகத் தொடங்குவது கடினம். இராச் சமையல் முடிந்து, தொலைக்காட்சி போடுவதற்கு முன் அந்த 10 நிமிடத்தை ஒதுக்குங்கள். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் ஐந்தாவது மூச்சில் "அம்மா, என் சட்டை எங்கே?" என்று வந்து நிற்பார்கள்.