சட்டத்திற்கு முந்திய உரிமை

அய்யம்பாளையத்தின் தென்னந்தோப்புகளில் நின்று நிமிர்ந்து பார்த்தால் கீழ்ப்பழனி மலை தெரிகிறது. அங்கே தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்து வந்தவர்கள் பளியர் மக்கள். 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாகச் செய்த அதே வேலை, ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதியின்றிச் செய்தால் குற்றமாயிற்று. மலையும் மாறவில்லை, மக்களும் மாறவில்லை.

அப்படியானால் உரிமை என்பது சட்டம் இயற்றுவோர் கொடுப்பதா? நம்மில் பலர் அப்படித்தான் எண்ணுகிறோம். "கவர்மெண்டு பார்த்துக் கொடுத்தது" என்கிறோம். கொடுத்தவர் திரும்பக் கேட்டால்?

திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலில், மனிதன் அரசுக்கு முந்தியவன் என்று கற்பித்தார். நமது அரசியலமைப்பின் 13ஆம் பிரிவும், அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் சட்டத்தை அரசு இயற்றலாகாது என்கிறது. சட்டமன்றத்தில் கை தூக்குவோர் எத்தனை பேரானாலும் இந்த வரம்பு உண்டு.

நெருக்கடி நிலைக் காலத்தில் இது சோதனைக்கு உள்ளாயிற்று. காவலில் வைக்கப்பட்டவர் விடுதலை கேட்டு நீதிமன்றம் செல்ல முடியாது என்று 1976இல் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். உயிரும் சுதந்திரமும் அரசியலமைப்பு போட்ட பிச்சை அல்ல, அதற்கு முன்பே இருந்தவை என்பது அவர் வாதம். தலைமை நீதிபதி பதவி அவருக்குக் கிட்டவில்லை. ஆனால் 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பு தவறு என்று அதை நீக்கியது.

பளியர் மக்களுக்கும் இதே வெளிச்சம் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் கிடைத்தது. வனவாசிகளுக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று அதன் முகப்புரையே ஒப்புக்கொள்கிறது. அச்சட்டம் காட்டின்மீது அவர்களுக்குப் புதிதாக உரிமை எதையும் தானமளிக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை "அங்கீகரிக்கிறது". இந்த ஒரு சொல்லை நாம் கவனித்து வாசிக்க வேண்டும்.

சொல் மட்டும் காப்பாற்றிவிடாது என்பதும் உண்மை. மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றும்படி 2019 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதே மாதம் 28ஆம் நாள் அந்த ஆணையை நிறுத்தி வைத்தது. நிராகரிப்பு முறையாக நடந்ததா என்ற கேள்வி எழுந்ததே காரணம்.

ஆகவே மனு எழுத உதவுவோர் ஒன்றை நினைவில் கொள்ளட்டும். மனு முதலில் செல்வது கிராம சபைக்கு. பழைய ஆவணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் வாயால் சொல்வதை எழுதிக் கொடுத்தாலும், விதிகளின்படி அது சான்றே.