பாட்டியோட ஒன்பது கஜமும் 350 ரூபாய் ஜீன்ஸும்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் மெசேஜ்கள்ல முக்கால்வாசி ஒரே கேள்விதான். செகண்ட் ஹேண்ட் துணி வாங்கினா நிஜமாவே காசு மிச்சமாகுமா? ஆகும். ஆனா துணியைப் பார்க்கத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும். எனக்குத் தெரியல, 430 ரூபாய் போச்சு. அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

அப்போ வேலைக்குச் சேர்ந்த புதுசு. சம்பளம் பத்தாம் தேதிக்குள்ள காலியாயிடும். இன்ஸ்டாகிராம்ல ஒரு த்ரிஃப்ட் பேஜ்ல ஜீன்ஸ் 350 ரூபாய், கூரியர் 80. போட்டோல பிரமாதமா இருந்தது. நாலாவது தடவை அதைப் போட்டுக்கிட்டு ஸ்ரீரங்கத்துல ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினேன். காவிரிப் பாலம் தாண்டறதுக்குள்ள தொடைப் பக்கம் 'பர்ர்'னு ஒரு சத்தம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி, பேக்கால மறைச்சுக்கிட்டே நடந்தது இன்னும் ஞாபகம் இருக்கு.

யாரும் என்னை ஏமாத்தல. ஸ்ட்ரெச் ஜீன்ஸ்ல பருத்தி நூலோட கொஞ்சம் லைக்ரா சேர்த்து நெய்வாங்க. சூடு, வியர்வை, ப்ளீச், அடிக்கடி துவைக்கிறது, இதெல்லாம் லைக்ராவைக் கொஞ்சம் கொஞ்சமா சாகடிக்கும். வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது. அதனால பழைய ஸ்ட்ரெச் ஜீன்ஸைக் கையில எடுத்ததும் குறுக்கால இழுத்து விட்டுப் பாருங்க. சட்டுனு பழைய இடத்துக்கு வரணும். அலை அலையா தொங்கி நின்னா வெச்சுட்டு வந்துடுங்க. அப்புறம் தொடையோட உள்பக்கத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ஜீன்ஸ்ல நீள வாட்டு நூல் நீலம், குறுக்கு நூல் வெள்ளை. வெள்ளை மட்டும் தெரியுதுன்னா நீலம் தேஞ்சு முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்.

சட்டையில அக்குளைப் பாருங்க. அங்க துணி விறைப்பா, மஞ்சளா இருந்தா அது போகவே போகாது, நான் எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன். பட்டன் போயிருந்தா கவலை இல்ல, ஜிப் போயிருந்தா விலையில குறைச்சுக் கேளுங்க. காலர் தேஞ்சிருந்தா? எங்க தாத்தா காலத்துல டெய்லர்கிட்ட குடுத்துக் காலரைப் பிரிச்சுத் திருப்பித் தைச்சுக்குவாங்க. தேஞ்ச பக்கம் அடியில போயிடும், சட்டை இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓடும். இன்னிக்கும் தெருவோரம் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிற ஆல்டரேஷன் டெய்லர்கிட்ட கேட்டுப் பாருங்க, வயசானவரா இருந்தா சிரிச்சுக்கிட்டே செஞ்சு குடுப்பார்.

அடுத்தது, என்ன துணின்னு கண்டுபிடிக்கிறது. திருச்சி வெயில்ல இது ரொம்ப முக்கியம். கத்திரி வெயில்ல 40 டிகிரி தாண்டற ஊர்ல 150 ரூபாய்க்குக் கிடைச்ச பாலியஸ்டர் சட்டை பீரோவுக்குள்ளயேதான் இருக்கும். லேபிள் கிழிஞ்சிருந்தா, வாங்கினதுக்கப்புறம் உள்தையல்ல இருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில பிடிச்சு, சிங்க் பக்கத்துல வெச்சுக் கொளுத்திப் பாருங்க. பருத்தின்னா காகிதம் மாதிரி எரிஞ்சு பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி, உருகி, கெட்டியான மணி மாதிரி நிக்கும். பட்டுன்னா முடி பொசுங்குற நாத்தம் வரும். ரெண்டும் கலந்த துணி ரெண்டு குணத்தையும் காட்டும். கடையில வெச்சுக் கொளுத்தாதீங்கப்பா.

இதெல்லாம் டெக்னிக். கத்துக்கறது ஈஸி. இதைவிடக் கஷ்டமான விஷயம் ஒண்ணு இருக்கு. அது எங்க வீட்டுலயே நடந்தது.

எங்க பாட்டி போய் ஒரு வருஷம் ஆனதும் அம்மா பீரோவைக் காலி பண்ணினாங்க. ஆறு ஒன்பது கஜப் புடவை. எல்லாம் நூல் புடவை, துவைச்சுத் துவைச்சு வெண்ணெய் மாதிரி ஆயிருந்தது. தெருவுல "பழைய துணிக்குப் பாத்திரம்"னு குரல் கேட்டதும் அம்மா ஆறையும் எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயிட்டாங்க. பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் பக்கெட், ஒரு எவர்சில்வர் கிண்ணம். நான் ஓடிப் போய் தடுத்தேன். அம்மா சொன்னது: "போனவங்க துணிடி. நீ கட்டிக்கப் போறியா என்ன?"

பாட்டி மடி பார்க்கிறவங்க. காலையில குளிச்சுட்டு, உயரத்துல கொடியில காயற புடவையைக் கொம்பால எடுத்துத்தான் கட்டுவாங்க, அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. அப்படி ஒரு வீட்டுல, முகம் தெரியாத ஒருத்தர் போட்ட ஜீன்ஸை நான் காசு குடுத்து வாங்கினேன்னா அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்னு அப்போதான் எனக்குப் புரிஞ்சது.

ஆனா யோசிச்சுப் பாருங்க. அடுத்தவங்க உடுத்தின துணி நம்ம ஊருக்கு ஒண்ணும் புதுசு இல்ல. ஸ்ரீரங்கத்துல பெருமாள் சாத்திக் களைஞ்ச மாலையும் பரிவட்டமும் கிடைச்சா அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. பெருமாள் கட்டி அவிழ்த்த ஆடையைத்தான் நாங்க கட்டிக்கிறோம்னு பெரியாழ்வார் திருப்பல்லாண்டுல பெருமையாவே சொல்றார். அவர் வளர்த்த பொண்ணு ஆண்டாள் தான் சூடிப் பார்த்த மாலையைப் பெருமாளுக்கே குடுத்தவங்க. அக்கா பாவாடை தங்கச்சிக்கு வரும். பொறந்த குழந்தைக்கு முதல்ல புதுத்துணி போடாம, தாத்தாவோட பழைய வேஷ்டியைக் கிழிச்சுத்தான் சுத்துவாங்க, தூளியும் பழைய புடவைதான். வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு நாம குடுக்கிறதும் பழைய புடவை. அவங்களுக்கு அது வேணுமான்னு நாம கேட்டதில்ல.

என் கணிப்பு இது: நமக்குப் பிரச்சனை பழைய துணி இல்ல, அது வர்ற திசை. மேல இருந்து கீழ வந்தா பிரசாதம், இல்லேன்னா தானம். சமமான ஒருத்தர்கிட்ட இருந்து, விலை குடுத்து வாங்கினா மட்டும் கூச்சம். "உனக்கு என்ன குறைச்சல், அடுத்தவ துணியைப் போடறே"ன்னு கேட்கிறாங்க இல்ல, அந்தக் கேள்விக்குள்ள அழுக்கைப் பத்தின பயத்தை விட அந்தஸ்து பத்தின பயம்தான் அதிகம். ஜாதியும் அதுக்குள்ள இருக்கு, மழுப்ப வேண்டாம்.

நமக்கு மட்டும்னும் நினைக்காதீங்க. ஆப்பிரிக்காவுல கானா நாட்டுத் தலைநகர் ஆக்ரால கான்டமான்டோன்னு பிரம்மாண்டமான பழைய துணிச் சந்தை இருக்கு. மேற்கு நாடுகள்ல இருந்து மூட்டை மூட்டையா வர்ற துணிக்கு அங்க 'ஒப்ரோனி வாவு'ன்னு பேர். செத்துப்போன வெள்ளைக்காரன் துணின்னு அர்த்தம். இவ்வளவு நல்ல துணியை உயிரோட இருக்கிறவன் ஏன் தூக்கிப் போடப் போறான்னு நினைச்சிருக்காங்க. எங்க அம்மா சொன்ன அதே வார்த்தை!

நம்ம பாத்திரக்காரர்கிட்ட போற துணி என்ன ஆகுதுன்னும் சொல்லிடறேன். தரம் பிரிப்பாங்க. நல்லா இருக்கிறது துவைச்சு, இஸ்திரி போட்டு, பழைய துணிச் சந்தைக்குப் போகும். தேறாத பருத்தி கிழிபட்டுப் பட்டறைகளுக்கு எண்ணெய் துடைக்கப் போகும். கம்பளித் துணி ஹரியானாவுல பானிபட் போன்ற இடங்களுக்குப் போய், பிரிச்சு நூலாக்கி, மலிவான போர்வையாத் திரும்பி வரும். ஆக அந்தப் பக்கெட்டுக்காக நாம குடுக்கிறதுக்கு ஒரு சந்தை மதிப்பு இருக்கு. பட்டுப் புடவைன்னா இன்னும் கவனமா இருங்க. 'பழைய பட்டுப் புடவை வாங்கப்படும்'னு போர்டு போட்ட கடைகள் பெரும்பாலும் பார்க்கிறது ஜரிகையில இருக்கிற வெள்ளியை. அசல் ஜரிகையைக் கொஞ்சம் சுரண்டினா உள்ள சிவப்புப் பட்டு நூல் தெரியும். வெள்ளை நூல் தெரிஞ்சா அனேகமா அது இமிடேஷன், அதுக்கு ஒண்ணும் பெருசா தர மாட்டாங்க. பட்டு வீணாகிறது மடிப்புலதான். ஒரே மடிப்புல வருஷக்கணக்கா வெச்சா அந்தக் கோட்டுலயே விட்டுப்போகும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாத்தி வைங்க.

சரி, பாட்டி புடவைக்கு வரேன். ஒன்பது கஜம்னா சுமார் 8.2 மீட்டர். நாம கட்டுற ஆறு கஜம் 5.5 மீட்டர். முந்தானை ஒரு பக்கம்தான் இருக்கும். முந்தானைப் பக்கத்துல இருந்து அஞ்சரை மீட்டர் அளந்து குறுக்கால வெட்டினா ஒரு முழுப் புடவை ரெடி. மிச்சம் 2.7 மீட்டர், ரெண்டு பக்கமும் கரையோட. ஒரு குர்த்தாவுக்குத் தாராளம். கரையைக் கீழ் விளிம்புல வர்ற மாதிரி வெட்டச் சொல்லுங்க. வெட்டறதுக்கு முன்னாடி புடவை முழுசையும் ஜன்னல்ல தொங்கவிட்டு நைஞ்ச இடம் எங்கன்னு பார்த்து சேஃப்டி பின் குத்தி வைங்க. மடிசார்ல இழுத்துக் கட்டற இடம்தான் முதல்ல நையும், அது எங்க இருக்குன்னு பார்த்துட்டு எந்தப் பக்கத்துல வெட்டறதுன்னு முடிவு பண்ணலாம். நான் முதல் புடவையில இதைப் பார்க்காம வெட்டி, குர்த்தாவோட முதுகுல ஒட்டுப் போட்டேன்.

ஆறுல மூணு புடவை இப்படி வெட்டினது. ஒண்ணு முழுசா நைஞ்சிருந்தது, அதுல தைக்க ஒண்ணும் இல்ல. நாலா மடிச்சு, சுத்தி ஓட்டுத் தையல் போட்டு, நடுவுலயும் விரல்கடை இடைவெளியில வரிசையா தையல் ஓட்டினா வெயில் காலத்துக்குப் போர்வை. ராத்திரி ஃபோன் பார்க்கிற நேரத்துல தைச்சேன், மூணு வாரம் ஆச்சு.

பழைய ஆறு கஜப் புடவை இருக்கிறவங்க கதவுத் திரை தைக்கலாம். ஏழு அடி கதவுக்கு மடிப்பெல்லாம் சேர்த்து 2.35 மீட்டர் வேணும். ரெண்டு திரைக்கு 4.7. மிச்சம் முக்கால் மீட்டர் சொச்சம் தலகாணி உறைக்கு. புடவை அகலம் கிட்டத்தட்ட 45 அங்குலம், மூணு அடிக் கதவுக்கு ஒரு திரையே போதும். பக்கவாட்டுல கரை இருக்கிறதால அங்க தையலே வேண்டாம், மேலயும் கீழயும் அடிச்சா முடிஞ்சுது. ஆல்டரேஷன் கடையில குடுத்தாலும் ரெடிமேட் திரையை விட மலிவுதான்.

வேஷ்டியைப் பத்திச் சொல்லவே வேண்டாம். வடாம் பிழியறதுக்குப் பழைய வேஷ்டியைத் தாண்டி இன்னும் எதுவும் கண்டுபிடிக்கல. புது வேஷ்டியில கஞ்சி இருக்கும். பழசுதான் சரி, காய்ஞ்சதும் பின்பக்கம் லேசாத் தண்ணி தெளிச்சா வடாம் தானா விட்டு வரும்.

கிழிஞ்ச என் ஜீன்ஸ் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. முழங்காலுக்குக் கீழ துணி கல்லு மாதிரி இருந்தது. ஒரு காலை வெட்டி, அடியை மூடித் தைச்சு, இன்னொரு கால்ல இருந்து கைப்பிடி எடுத்தேன். அஞ்சு கிலோ அரிசி தாங்குது. காந்தி மார்க்கெட்டுக்கு அதோடதான் போறேன்.

இப்போ திருச்சியில எங்க வாங்கறதுன்னு கேட்டவங்களுக்கு ஒரு விளக்கம். என்.எஸ்.பி. ரோடு, பெரிய கடை வீதி பக்கம் பிளாட்பாரத்துல 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்'னு குவிச்சு வெச்சிருக்கிறது செகண்ட் ஹேண்ட் இல்ல. திருப்பூர் மாதிரி இடங்கள்ல இருந்து வர்ற, ஆர்டர்ல மிஞ்சின, இல்லேன்னா சின்னக் குறையோட ஒதுக்கின புதுத்துணி. குறை எங்கன்னு தேடிக் கண்டுபிடிச்சு வாங்கினா நல்ல லாபம். தையல் ஒரு பக்கம் இழுத்திருந்தா துவைச்சதும் முறுக்கிக்கும், அதை மட்டும் பார்த்துக்குங்க. நல்ல பருத்தி புதுசாவே வேணும்னா உறையூருக்குப் போங்க. கைத்தறிக் காட்டன் புடவை இன்னும் நெய்யறாங்க. 1,900 வருஷத்துக்கு முன்னாடி ஒரு கிரேக்க வணிகர் எழுதின கடற்பயணக் குறிப்புல 'ஆர்கரு'ங்கிற ஊரோட மெல்லிய துணியைப் பத்தி வருது. அது உறையூர்தான்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. அங்க குடுக்கிற காசை நான் செலவுன்னு கணக்கு வைக்கிறதில்ல, அந்தப் புடவை மூணு பேர் கை மாறும்.

கணக்குன்னு வந்ததால ஒண்ணு. 1,200 ரூபாய் சட்டையை எட்டுத் தடவை போட்டா ஒரு தடவைக்கு 150. 250 ரூபாய்க்குப் பழைய சட்டை வாங்கி, 50 குடுத்து ஆல்டர் பண்ணி அறுபது தடவை போட்டா ஒரு தடவைக்கு அஞ்சு ரூபாய். அதுக்காக 'மலிவா இருக்கே'ன்னு ஒரே வாரத்துல பத்துச் சட்டை வாங்கிப் பீரோவுல அடுக்கினா இந்தக் கணக்கு கவுந்துடும். த்ரிஃப்ட் ஹால் வீடியோ போடறவங்க என்மேல கோபப்படாதீங்க.

ஆறாவது புடவையை மறந்துட்டேன் பாருங்க. அரக்குல மஞ்சள் கரை. அதை வெட்ட எனக்கு மனசு வரல. போன தீபாவளிக்கு அத்தை வந்திருந்தாங்க, பாட்டியோட பொண்ணு. பீரோவைத் திறந்து அதை எடுத்து மோந்து பார்த்தாங்க. ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில குளிச்சுட்டு அதைத்தான் கட்டிக்கிட்டு வந்தாங்க. அம்மா காபி டம்ளரை நீட்டிக்கிட்டே, "அந்தக் கரை உங்களுக்கு எடுப்பா இருக்கு"ன்னாங்க.

உங்க வீட்டுப் பீரோவுல எந்தத் துணி யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்குன்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பட்டன் தைக்கிறது, கிழிசல் ரஃபூ பண்றது, ஊசியில நூல் கோக்கறதுல இருந்து பார்க்கலாம்.