கத்தம் வீடும் கணினி வலையும்

எங்கட மாத்தளைப் பக்கத்தில் மௌத்து வீடுகளில் கத்தம் ஓதுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். 30 ஜுஸ்உகளும் 30 பேர் கையில். ஒருவர் அவசரமாக எழும்பிப் போனால், "தாங்க, மிச்சத்த நான் ஓதுறன்" என்று பக்கத்தில் இருப்பவர் வாங்கிக்கொள்வார். ஆட்கள் கூடினால் ஒரு ஜுஸ்உ இரண்டு ஹிஸ்புகளாகப் பிரியும். பங்கு வைத்த லெப்பை இடையில் வெளியே போனாலும் ஓதல் நிற்பதில்லை.

கணினி வலைகள் பெருத்தபோது எழுந்த ஒரு சிக்கலுக்கும் ஏறத்தாழ இதுவே விடையாயிற்று. இலட்சக்கணக்கான கணினிகளில் சிதறிக் கிடக்கும் கோப்புகளில் நமக்கு வேண்டியது எதில் உள்ளது? 1999இல் வந்த நெப்ஸ்டர் அதற்கென நடுவில் ஓர் அட்டவணை வைத்திருந்தது. 2001இல் நீதிமன்ற ஆணையால் அந்த நடுவிடம் மூடப்பட, வலை முழுவதுமே நின்றது. அடுத்து வந்த நுட்டெல்லாவில் நடுவிடம் இல்லை. ஆனால் எல்லோரிடமும் கேட்டுத் திரிய வேண்டும். ஆள் பெருகப் பெருகக் கேள்விகளே வலையை அடைத்தன.

புனே பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று, அமெரிக்காவின் பேர்க்லியில் ஆய்வு செய்த சில்வியா ரத்னசாமி, நான்கு பேருடன் சேர்ந்து 2001இல் மூன்றாவது வழியொன்றைச் சொன்னார். அதன் பெயர் 'கேன்'. ஒரு பெரிய காணியை எண்ணிக் கொள்ளுங்கள். ஒவ்வொரு கணினிக்கும் அதில் ஒரு துண்டு. கோப்பின் பெயரை ஒரு கணிதச் சூத்திரத்தில் இட்டால் அந்தக் காணியில் ஒரு புள்ளி கிடைக்கும். புள்ளி எவருடைய துண்டில் விழுகிறதோ, கோப்பு இருக்கும் இடம் அவருக்குத் தெரியும். தேடுபவர் தன் அயலவரிடம் கேட்பார். அவர் புள்ளிக்கு இன்னும் கிட்ட உள்ளவரிடம் அனுப்புவார். புதியவர் வந்தால் ஒரு துண்டு இரண்டாகும். ஒருவர் போனால் அயலவர் பொறுப்பேற்பார்.

துண்டுகள் சமமாக இருந்தால் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது 4 அயலவரை மட்டுமே. 10,000 கணினிகள் இருந்தால் கேள்வி சராசரியாக 50 கை மாறும். 10 இலட்சமானால் 500. வலை நூறு மடங்கு பெருத்தும் வழி பத்து மடங்குதான் நீள்கிறது. அயலவர் அதே 4 பேர்தான். இந்தப் பணிக்காக 2014ஆம் ஆண்டுக்கான கிரேஸ் மரி ஹொப்பர் விருது அவருக்குக் கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திடீரென அணைந்த கணினியின் இடத்தை அயலவர் ஏற்கலாம். ஆனால் பிரதி இல்லாத தரவு திரும்பி வராது. கத்தம் வீட்டில் அந்தப் பயம் இல்லை, குர்ஆன் எல்லார் வீட்டிலும் உண்டு. பெட்டகங்களில் கிடக்கும் அரபுத்தமிழ்க் கிதாபுகள் அப்படியல்ல. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் எரிந்தன. எங்கட ஊர்களில் எந்தக் கிதாபு எவர் வீட்டில் என்பது சில மூத்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. முதலில் அதை எழுதி வைப்போம். பிறகு, உக்குவெலையில் உள்ள கிதாபின் பிரதி கலேவெலையிலும் அக்குறணையிலும் இருக்கட்டும்.