வவுனியா உண்டிச்சாலை ஆற்றுப்படை

பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை என்னும் இனத்தைச் சேர்ந்தன. அவற்றுள் முருகாற்றுப்படை ஒழிந்த நான்கும், பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன் பசியோடு எதிர்வரும் மற்றொருவனுக்கு வழி கூறுவனவாக அமைந்தன. இவ்வளவையும் மாணாக்கர்க்குச் சொல்லி நிறுத்திவிடுகின்றோம். எந்த ஊரில் எந்தச் சோறு கிடைக்கும் என்று அப்புலவர்கள் கூறும் பகுதிகளை வகுப்பில் விரைந்து கடந்துவிடுகின்றோம். பரீட்சையில் அவை வினாவாக வருவதில்லை என்பதே காரணம் போலும்.

நின்று படித்தால் வியப்பாயிருக்கும். சிறுபாணாற்றுப்படை காட்டும் வழியிற் செல்பவனுக்கு எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்மீன் கிடைக்கும். வேலூரில் புளியிட்டு அட்ட சூடான சோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கும். ஆமூரில் வெண்சோற்றோடு நண்டு கிடைக்கும். பெரும்பாணாற்றுப்படை இன்னும் நுணுக்கமானது. அந்தணர் மனையில் மாதுளங்காயைப் பிளந்து, வெண்ணெயில் வெதுப்பி, மிளகும் கறிவேப்பிலையும் கூட்டிய கறியும், மாவடு ஊறுகாயும் உண்டு என்று உருத்திரங்கண்ணனார் தெரிவிக்கின்றார். “நல்ல சாப்பாடு” என்று ஒரு சொல்லிற் கூறி அவர் தப்பித்துக்கொள்ளவில்லை. எதனை, எதனோடு கூட்டி, யார் அட்டனர் என்பதைக் கூறினார். உணவு விமரிசனம் மேனாட்டார் தந்த புதுத்துறை என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

நிற்க. யான் பரிசில் பெறச் செல்பவன் அல்லேன். காசு கொடுத்து உண்பவன். எனினும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக, மாதத்தில் இரண்டு மூன்று முறையேனும் வவுனியாவின் சாப்பாட்டுக் கடைகளில் அமர்ந்து உண்டு, உண்டதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவருகின்றேன். மனையாள் இதனை “ஆராய்ச்சி” என்பாள். அவள் குரலில் அந்தச் சொல்லுக்குரிய மதிப்பு இராது.

வவுனியாவின் கடைகளைப் பற்றி முதலில் அறியவேண்டுவது ஒன்றுண்டு. இது வழிப்போக்கர் நகரம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதி இதனை ஊடறுத்துச் செல்கின்றது. மன்னார் வழி இங்கிருந்து பிரிகின்றது. புகையிரதமும் இவ்வழியே போகின்றது. 1990இல் வடபாதை அறுந்தபோது கொழும்பிலிருந்து வரும் புகையிரதம் வவுனியாவோடு நின்றுவிட்டது. அது 2011இல் ஓமந்தைக்கும், 2013இல் கிளிநொச்சிக்கும், 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டும் சென்றது. இடைப்பட்ட காலத்தில் இந்நகரம் காத்திருப்போர் நகரமாயிற்று. பாஸுக்காகக் காத்திருந்தோர், பாதை திறக்கக் காத்திருந்தோர், 2009இல் செட்டிகுளத்து முகாம்களுக்குள் இருந்த உறவினரைக் காணக் காத்திருந்தோர் எனப் பல்லாயிரவர் இங்கே உண்டனர். அவர்கள் ருசியைக் கேட்டிருப்பார்களா? கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை. சோறு சூடாக இருந்தாற் போதும். விலை கையில் இருப்பதற்குள் அடங்கினாற் போதும்.

ஆதலின் ஒரு வழக்கம் வேரூன்றிற்று. மீண்டும் வராதவனுக்குச் சமைப்பவர் அவன் சொல்லுக்கு அஞ்சவேண்டியதில்லை. இதனை யான் பழியாகக் கூறவில்லை. தொழிலின் இயல்பு அது. ஆனால் ஓர் ஊரின் சுவையைக் காப்பவன் வழிப்போக்கன் அல்லன். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே வாங்கில் வந்து அமர்பவனே. அவன் வாய்திறவாது உண்டு, காசு வைத்து, எழுந்து போவானாயின் அச்சுவை போய்விடும்.

பிட்டினை எடுத்துக்கொள்வோம். சிவப்பரிசியை ஊறவைத்து, இடித்து, அரித்து, மணம் எழும்வரை வறுத்த மாவே பிட்டுக்கு உரியது. அதிற் கொதிநீர் விட்டுக் குழைத்து, சுண்டின் விளிம்பாற் கொத்தி, தேங்காய்ப்பூக் கலந்து நீத்துப்பெட்டியில் அவிக்கவேண்டும். நீர் மிகுந்தாற் களியாகும். குறைந்தால் தொண்டையில் அடைக்கும். நல்ல பிட்டு கையால் தொட்ட அளவில் உதிரும். சொதி விட்ட அளவில் ஒன்றுகூடும். பனையோலையின் மெல்லிய வாசனை ஒன்று அதில் நிற்கும். குழலில் அவித்ததில் அவ்வாசனை இல்லை, அழகுமட்டும் உண்டு. இன்று கடைகளிற் காணும் பிட்டோ பெரும்பாலும் வெளிறியது. அவித்த கோதுமை மாவே அதிற் பெரும்பங்கு. சூடாறியதும் இழுவைப்பட்டு, பல்லோடு போராடும். பெயர் பிட்டு, பொருள் வேறு. இலக்கணத்தில் இதனை ஆகுபெயர் என்றுகூடச் சொல்ல வழியில்லை.

இதனை ஒரு சிறு கடையில், கடைக்காரப் பெண்மணியிடமே யான் கூறினேன். மற்றவர் எழுந்து போகும்வரை காத்திருந்து கூறினேன். அவர் சினக்கவில்லை.

“ஐயா சொல்லுறது சரிதான். அரிசியை ஊறப்போட்டு, இடிச்சு, வறுக்கிறதெண்டால் இரண்டு பேர் வேணும். கோதுமை மாவெண்டால் பையை வெட்டினாச் சரி. எனக்கு ஆர் இருக்கினம்? பள்ளிக்கூடம் போற இரண்டு பிள்ளையள்தான்.”

“அப்ப கொஞ்சம் விலை கூட்டித் தனி அரிசிமாப் பிட்டு அவிச்சா என்ன, பிள்ளை?”

“நீங்கள் வாங்குவியள். மற்ற ஆக்கள் வாங்குவினமே?”

விமரிசகன் விடைகூற வேண்டிய வினா இது. உணவைக் குறைகூறுபவன் அதன் விலையையும் ஏற்கவேண்டும். எங்கள் பாடசாலை ஆசிரியர் அறுவரிடம் பேசி, வெள்ளிதோறும் ஆறு பேருக்குத் தனி அரிசிமாப் பிட்டு என்று சொல்லிவைத்தோம். முப்பது ரூபா கூடுதல். இரண்டு மாதத்தின்பின் அது பதினைந்து பேருக்காயிற்று. பிட்டின் நிறமும் மாறிற்று. சொதிமட்டும் இன்னும் குற்றமுடையது. முதற்பாலை இறுதியில் விட்டு, கொதி எழுமுன் இறக்கி, ஆறியபின்னரே தேசிப்புளி விடவேண்டும். அவர் அவசரத்தில் அடுப்பிலேயே விடுகின்றார், பால் திரைகின்றது. அதனையும் சொல்லியிருக்கின்றேன்.

இக்காலத்து மாணவர் உண்டதைக் கைப்பேசியிற் படம்பிடித்து, நட்சத்திரம் இட்டு, “சூப்பர்” என்று எழுதுகின்றனர். எழுதுவது தவறன்று; ஆற்றுப்படையின் வழிவந்த செயலே அது. ஆனால் அந்த ஒரு சொல்லால் சமைத்தவருக்கு என்ன பயன்? ஐந்து நட்சத்திரம் பெற்ற கறியில் உப்புக் கூடியதா குறைந்ததா என்று யாரறிவார்? தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா போயிற்று? உறைப்பு வேறு, காரல் வேறு. கயர்ப்பு வேறு, கைப்பு வேறு. பழங்கறி ஊசும், பால் திரையும், சோறு குழையும், அல்லது நடுவரிசிப் பதத்தில் நிற்கும், எண்ணெய் கனக்கும். நம் ஆச்சிமார் எழுத்தறியாமலே இவற்றை ஆண்டனர். உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என உணவை நால்வகைப்படுத்திய மொழி இது. அடிசில் என்னும் பொதுச்சொல்லை அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையால் முடித்தல் கூடாது என்பதைத் தொல்காப்பியர் விதியினின்று உரையாசிரியர் விளக்கினர். சோற்றுக்கும் வினைச்சொல்லுக்கும் உள்ள உறவை இத்துணைக் கவனமாகப் பார்த்த மரபில் வந்தவர், “டேஸ்ட்” என்னும் ஒரு சொல்லோடு எழுந்துபோவது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. வைரவபுளியங்குளம், இறம்பைக்குளம், பண்டாரிகுளம், தாண்டிக்குளம் என்று நகரின் பகுதிகளெல்லாம் குளத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆயினும் யான் உண்ட கடைகளிற் பெரும்பாலானவற்றில் மீன்கறி என்பது கடல்மீன் கறியே. விராலைப் புளியும் மிளகும் இட்டு வற்றவைத்த குழம்பு வன்னி வீடுகளில் உண்டு. கடையில் கேட்டால் சிரிக்கின்றனர். சேற்றுவாடை என்று சிலர் முகஞ்சுளிப்பர். உப்பும் புளியும் இட்டு உரைஞ்சிக் கழுவத் தெரியாதவர் சொல் அது.

பிற இனத்தவர் கைப்பக்குவம் இந்நகரில் கலந்திருப்பதை யான் குறையாகக் கருதேன். முஸ்லிம் அன்பர் கடையின் மாட்டிறைச்சிக் கறியும், 1977இன் கலவரத்துக்குப்பின் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியோர் ரொட்டியும், சிங்கள அன்பர் தரும் பாற்சோறும் லுணுமிரிசும் வவுனியாவுக்கே உரிய பேறு. யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் இவ்வளவும் உண்பது அரிது.

பாராட்டவேண்டுவது ஒன்று. வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவோடு பெண்கள் நடத்தும் ‘அம்மாச்சி’ உணவகங்களுள் ஒன்று வவுனியாவிலும் உண்டு. தென்னிலங்கையில் ‘ஹெல பொஜுன்’ என்று வழங்கும் உணவகங்களை ஒத்தது அது. பெயரே பாதி விருந்து. கண்ணெதிரே சமைக்கின்றனர் என்பது அதனினும் சிறப்பு. குரக்கன் பிட்டு, உழுந்து வடை, இலைக்கஞ்சி என உள்ளூர் விளைவினால் ஆனவற்றை அங்கே தேடலாம். உண்டபின் குறையைக் கூறவும் எளிது. சமைத்தவர் இரண்டு முழத் தொலைவிலேயே நிற்பர்.

2022இல் எரிவாயு கிடையாத மாதங்களில் நகரின் கடைகள் பல மூடிக்கிடந்தன. சில விறகடுப்புக்கு மீண்டன. அவற்றுள் ஓரிரண்டு இன்னும் விறகை விடவில்லை. ஆகவே, கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து விடியலில் இறங்கும் அன்பரே, நிலையத்துக்கு நேரெதிரே ஒளிரும் பெயர்ப்பலகைகளை நம்பிச் செல்லற்க. பின்வீதிக்குத் திரும்புக. கூரையின்மேல் விறகுப்புகை தெரியும் கடையை நாடுக. பிட்டு வேண்டுமாயின் ஏழரை மணிக்குள் செல்க. அரிசிமாப் பிட்டு என்று வாய்விட்டுக் கேட்க. எட்டு மணிக்குமேல் வருவோர்க்கு ரொட்டிதான் இருக்கும்.