ரசிகர் கூட்டமும் ஓர் இசைக்குழுவும்

மாணவர்களே! ரசிகரின்றிக் கலைஞன் வாழ இயலாது. ஆனால் ரசிகரின் பேரன்பே கலைஞனுக்குச் சுமையாகிவிடுவதும் உண்டு. அத்தகைய வரலாறு ஒன்றை இன்று விளக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், 1965-ஆம் ஆண்டு 'கிரேட்ஃபுல் டெட்' என்னும் ராக் இசைக்குழு தோன்றியது. முப்பது ஆண்டுகளில் அது நிகழ்த்திய கச்சேரிகள் 2,300-க்கு மேற்பட்டவை. நேற்று வாசித்த வரிசையில் இன்று வாசியாது, மேடையிலேயே கற்பனையை விரிப்பது இக்குழுவினரின் வழக்கம். ஆகவே ஒரு கச்சேரியைக் கேட்டவர் அடுத்ததையும் கேட்க விழைந்தனர்; ஊர் ஊராகப் பின்தொடர்ந்தனர். 'டெட்ஹெட்' என்பது இவ்வன்பர்களுக்கு ஏற்பட்ட பெயர்.

குழுவினரும் இவ்வன்பை வளர்த்தனர். 1971-இல் வெளியிட்ட இசைத்தட்டின் உறையிலேயே ரசிகர்களின் முகவரிகளைக் கேட்டனர். 1984-இல், கச்சேரியை ஒலிப்பதிவு செய்வோர்க்கென அரங்கில் தனியிடமே ஒதுக்கினர். பிறர் திருட்டென்று தடுத்ததை இவர்கள் கொடையாக்கினர். இத்தாராளத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். எனினும் கொடையாகப் பெற்றதை உரிமையென எண்ணத் தொடங்குவது மனித இயல்பு. வகுப்பறையில் நான் பலகாலும் கண்டது இது.

1987-இல் ஒரு பாடல் பெருவெற்றி பெற்றதும் கூட்டம் கட்டுக்கடங்காது பெருகிற்று. நுழைவுச்சீட்டு இல்லாதோரும் அரங்கத்தின் வெளியே கூடாரமிட்டனர், கடை விரித்தனர். சீட்டின்றி வரவேண்டா என்று குழுவினர் வேண்டியும் பயனில்லை.

1995 ஜூலை 2 அன்று, இண்டியானா மாநிலத்து டீர் கிரீக் அரங்கில் சீட்டில்லாத ஆயிரக்கணக்கானோர் வேலியைச் சாய்த்து உட்புகுந்தனர். காவலர்மீது கற்களும் புட்டிகளும் பறந்தன. அன்று தலைமைக் கலைஞர் ஜெர்ரி கார்சியாவுக்குக் கொலை மிரட்டலும் வந்திருந்தமையால், அரங்க விளக்குகளை அணைக்காமலே வாசித்தனர். மறுநாள் கச்சேரி கைவிடப்பட்டது.

குழுவினர் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதினர். அதில் அவர்கள் போலீசை நம்பிப் பேசவில்லை. வேலி தாண்டுவோரைத் திருத்தும் ஆற்றல் சக ரசிகர்களிடமே உள்ளதென்றும், அவர்கள் வாளாவிருப்பின் தம் இசைப்பயணமே முடியுமென்றும் எழுதினர்.

பயணம் வேறு வகையில் முடிந்தது. நெடுநாள் உடல்நலம் குன்றியிருந்த கார்சியா, ஆகஸ்ட் 9 அன்று தம் 53-ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார். அவ்வாண்டு டிசம்பரில் குழு கலைந்தது.

பூசல் மட்டும் முடியவில்லை. 2005-இல், இணையக் காப்பகத்தில் எவரும் நகலெடுக்கக் கிடைத்த பழைய கச்சேரிப் பதிவுகளைக் குழுவின் தரப்பினர் நிறுத்தச் செய்தனர். ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். சில நாட்களிலேயே, ரசிகர் தாமே பதிவு செய்தவை முன்போல் வழங்கப்பட்டன. மேடைக் கருவியிலிருந்து நேரே எடுத்தவற்றைக் கேட்க மட்டுமே இசைவு கிடைத்தது.