பழைய கார் கிளம்பலையா? பேட்டரி வாங்கும் முன் எர்த் வயரைப் பாருங்கள்!

பயிர் மஞ்சளானதும் கடைக்குப் போய் யூரியா வாங்கி வந்து போடுகிறவர்கள் உண்டு. தழைச்சத்துக் குறைவா, இரும்புச்சத்துக் குறைவா, வேரில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று பார்ப்பதில்லை. கார் கிளம்பாதபோதும் நடப்பது இதேதான். ‘செல்ஃப் எடுக்கலையா, பேட்டரி போயிருக்கும்’ என்று யாராவது சொல்ல, சில ஆயிரம் ரூபாய்க்குப் புது பேட்டரி வந்துவிடும். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ‘டக் டக்’. ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரத்தில் அப்படி நின்றால் என்ன ஆகும்?

எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பகுதிகளில் ஓடிய பழைய வண்டியை வாங்கும் மீஞ்சூர், பொன்னேரி பக்கத்து விவசாயிகள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் கார்களைப் பூட்டியது எண்ணூரில்தான். அதுதான் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் தயாரானது. வண்டி செய்யும் ஊர்தான். ஆனால், கடலோர உப்புக்காற்று வண்டியை அரிக்கும் ஊரும் இதுதான். காசிமேட்டில் மீன் ஏற்றிய வண்டி என்றால், ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் அடிப்பாகம் முழுக்க இறங்கியிருக்கும். அந்த உப்பு, வயர் இணைப்புகளைத்தான் முதலில் தின்னும்.

சத்தத்தைக் கேளுங்கள்

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஹெட்லைட்டை எரியவிட்டு சாவியைத் திருகுங்கள்.

* ‘டக் டக் டக்’ என்று வேகமாகத் தட்டி, லைட்டும் மங்கினால்: பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது இணைப்பு சரியில்லை.
* லைட் பளிச்சென்று இருக்கிறது, சத்தமே இல்லை அல்லது ஒரே ஒரு ‘டக்’ என்றால்: செல்ஃப் மோட்டார், அதன் ரிலே, வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
* இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால்: பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பெட்ரோல் காரில் எரிபொருள் பம்ப், ஃபியூஸ், ஸ்பார்க் பிளக். டீசல் காரில் ஃபில்டர் அடைப்பு, ஏர் பிடித்தல் ஆகியவற்றைப் பாருங்கள். நெல் மூட்டை இருக்கும் கொட்டகையில் நிறுத்தும் வண்டியில் எலி வயரைக் கடித்திருக்கவும் வாய்ப்புண்டு.

ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. அரை நிமிடமாவது விட்டு அடுத்த முறை முயலுங்கள்.

மீட்டர் சொல்லும் உண்மை

எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம் அல்லது சார்ஜ் போதவில்லை. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் ஆல்டர்நேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. புது பேட்டரி போட்டாலும் இறங்கிவிடும்.

பேட்டரி சரி, ஆனாலும் ‘டக் டக்’ என்றால் எர்த் வயரைச் சந்தேகப்படுங்கள். பேட்டரி மைனஸில் இருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் தடித்த வயர் அது. மேலே பிளாஸ்டிக் உறை நன்றாகத் தெரியும். உள்ளே செம்பு பச்சைப் பொடியாகியிருக்கும். ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மறுமுனையை பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பிலும் மாட்டுங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கேபிள் போகக் கூடாது. இன்னொருவரை சாவி திருகச் சொல்லுங்கள். வண்டி உடனே கிளம்பினால் குற்றவாளி எர்த் வயர்தான். பேட்டரி விலையோடு பார்த்தால் அந்த வயரின் விலை மிகச் சொற்பம்.

டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால், முதலில் மைனஸையும் அடுத்து பிளஸையும் கழற்றுங்கள். ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரால் தேய்த்துத் துடைத்து, நன்கு காயவிடுங்கள். மாட்டும்போது மைனஸ் கடைசி. இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரியில் இருந்து எரியக்கூடிய வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி ஆகாது.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர்ப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து, படகுகளிலும் வீடுகளிலும் கறை படிந்தது. இப்படி நீரில் நின்ற வண்டிகள் பின்னாளில் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் கறை இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், சீட் அடியில் துரு, தரைவிரிப்புக்குக் கீழே ஈரவாடை இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

சொந்த வண்டி இன்ஜின் அளவுக்கு நீரில் மூழ்கினால் சாவியைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீரை அமுக்க முடியாது. செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கிடம் இழுத்துச் செல்லுங்கள். ஆயில் குச்சியில் பால் கலந்த டீ மாதிரி நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள்.

வாங்கும் நாளில்

பார்க்கப் போனதும் முதலில் பானெட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே கிளப்பிப் பார்த்திருக்கிறார்கள். ‘நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ணாதீங்க’ என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். இரவு முழுக்கக் குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.